தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜி.பி.

அன்புக்கரசி என் கடைக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏனுங்ணா, மில்லுக் கேமராவுல படம் எத்தன நாளைக்கு அழியாம இருக்குமுங்க?"

போன வெள்ளிக்கிழமை காலையில் அவள் புருஷன் மாசாணத்துக்குப் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் நாலு விரல் போய்விட்டது. அவனே மூடியைக் கழற்றிக் கையை விட்டான் என்கிறது மில். மூடி ஒரு வாரமாகவே இல்லை என்கிறான் அவன். துடியலூருக்குப் பக்கத்திலிருக்கும் அந்த மில்லில் கேமரா மாட்டியவன் நான். டிஸ்க் ஒரு டி.பி., அதாவது ஆயிரம் ஜி.பி.; எட்டுக் கேமராவும் சேர்ந்து நாளைக்கு நாற்பது ஜி.பி. தின்னும். நிறைந்துவிட்டால் பழைய படத்தின் மேலேயே புதுப்படம் ஏறிவிடும். ஆயிரத்தை நாற்பதால் மனக்கணக்காகவே வகுத்து, "இருவத்தஞ்சு நாள் அம்மணி" என்றேன்.

மறுநாள் மில் முதலாளி சசிதர் கூப்பிட்டனுப்பினார். உட்காரவைத்து, காபி கொடுத்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, கரெக்டா எத்தன நாளுங்க நிக்கும்?"

என் அறிவைக் காட்ட ஆள் கிடைத்துவிட்டார். டிஸ்க் செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணி அட்டையில் ஒரு டி.பி. என்று போட்டுவிடுகிறான், உள்ளே கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநான்காக எண்ணுகிறது, கைக்கு வருவது தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜி.பி.தான் என்று விளக்கினேன். "இருவத்து மூணு நாளு, மேல ஆறரை மணி நேரமுங்க."

அவர் காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார். படம் அழியும்வரை நாள் கடத்தப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அந்த மெஷினைப் பார்க்கும் ஒரு கேமராவில், விரல் போன அந்த ஒரு மணி நேரத்துப் படம் வெறும் இருநூறு எம்.பி. சொச்சம், என் சாவிக்கொத்தில் தொங்கும் பதினாறு ஜி.பி. பென்டிரைவில் எழுபது தடவை போடலாம். ஆனால் அந்த மில்லோடு அவர் சொந்தக்காரர்களின் ஐந்து மில் வேலையும் என் கையில் இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான் கோழை, அவ்வளவுதான்.

விபத்து நடந்து இருபத்துநான்கு நாள் கழித்து, திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அவள் தொழிற்சாலை ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். படத்தை ஓட்ட என்னையே வரச்சொல்லியிருந்தார்கள். சசிதர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க அம்மணி."

அவள் உட்காரவில்லை. நான் பின்னால் ஓட்டிக்கொண்டே போனேன். விபத்துக்கு மறுநாள், சனிக்கிழமை காலை ஏழு இருபத்துநாலில் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமையே வரேன்னனே, நீதானம்மா வேண்டாம்னே?" என்றார் ஆய்வாளர்.

"அன்னைக்கு அவருக்குக் கட்டுப் பிரிக்கிற நாளுங்க. இன்னும் நாலு நாள் இருக்குதேன்னு..." நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இருவத்தஞ்சுன்னீங்களேண்ணா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளக்கும் புது மூடியோடு கார்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஒருவன் குந்தி உட்கார்ந்து, ஈரத்துணியால் தரையை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.