அறுபத்து நான்காவது மணி

பாதித் தாளை விழுங்கிவிட்டு ஃபேக்ஸ் இயந்திரம் நின்றது. ஞானதீபம் அதன் தலையில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மஸ்கட் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடமாகக் குரலைக்கூட உயர்த்தாத நர்ஸ் அவள்.

சாத்தூரில் அவள் அப்பா சேசுராஜ் விடிகாலையில் இறந்திருந்தார். ஏழாயிரம்பண்ணையில் முப்பது வருடம் பட்டாசுக்கு மருந்து கலந்தவர், வெடியில் சாகாமல் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். நான்கு மணிக்கு அடக்கம். எந்த விமானத்தைப் பிடித்தாலும் முகம் பார்க்க முடியாது. அழுகையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பெட்டி, பூ, பாட்டு எல்லாவற்றையும் போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டாள். மணியில்தான் சிக்கல்.

அவர்கள் சபைக் கோயிலில் செத்தவரின் வயதுக்கு வருடத்துக்கு ஒன்றாக மணி அடிப்பார்கள். மணியில்லாமல் தூக்கினால் ஊர் அதைத் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டும். சபைச் செயலாளர் பொன்னுத்தங்கம், ஓய்வு பெற்ற வாத்தியார், காலையிலேயே சட்டம் பேசினார்.

“பேராயர் கையால திடப்படுத்தல் எடுத்து முழு உறுப்பினர் ஆனவுகளுக்குத்தாம்மா ஆராதனையும் மணியும். சபைப் பதிவேட்டுல உங்கப்பா அத எடுத்ததா இல்ல. வீட்ல ஜெபம் பண்ணி எடுத்துருவோம்.”

“காரியாபட்டியில எடுத்தாக சார், கல்யாணத்துக்கு முன்னாடியே.”

“அத்தாட்சி வேணும்லா? ஞாயித்துக்கெளமைகூட லோடுன்னு கம்பெனிக்கு ஓடுன மனுசன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவளை நர்ஸிங் படிக்க வைத்தன. அப்பாவை மணியில்லாமல் அனுப்புவதில்லை என்று அப்போதே முடிவு கட்டினாள்.

அத்தாட்சி அவள் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது; டியூட்டிக்கு வரும்போது கையோடு எடுத்து வந்தாள். விமானம் ஏறும் அன்று அப்பா கையில் திணித்த ஜெபப் புத்தகம். முதல் பக்கத்தில் திடப்படுத்திய தேதியும் பேராயரின் கையெழுத்தும். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பட்டாசு மருந்தில் கலக்கிற, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியப் பொடி.

அந்தப் பக்கத்தின் நகல்தான் இயந்திரத்தின் வாயில் மாட்டியிருந்தது. மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தது. அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் சாத்தூர் ஆபீஸில்தான் ஃபேக்ஸ் இருந்தது. அங்கிருந்து கணக்கெழுதும் சொர்ணலட்சுமி போனில் கத்தினாள்.

“வந்துருச்சுக்கா! சீசன் ஆர்டரையெல்லாம் நிறுத்திப்புட்டு லைன வச்சிருந்தோம். இந்தா, கோயிலுக்கு ஓடுதேன்!”

அரை மணி நேரம் கழித்துத் தம்பி ஜெயசுந்தர் கோயிலிலிருந்து செல்போனில் வந்தான். பின்னால் செயலாளரின் குரல் கேட்டது.

“கையெழுத்து சரி. ஓரத்துல கறுப்பா இது என்ன, சபை சீலா?”

குருவானவர் தாளை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்து அவர் குரல் வந்தது.

“சேசுராஜ் வெரல் சார் அது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கைகுடுத்துட்டுப் போவாரு, என் அங்கியில இது ஒட்டியிருக்கும். மணிய அடிக்கச் சொல்லுங்க.”

தம்பி போனைக் கோபுரத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தான். ஞானதீபம் உதட்டுக்குள் எண்ணினாள். மேசையைச் சுற்றி மற்ற நர்ஸுகள் எழுந்து நின்றார்கள். அப்பாவின் வயதுக்கு அறுபத்து மூன்றோடு நிற்க வேண்டிய மணி, இன்னொரு முறை அடித்தது.

“அக்கா, மணியடிக்கிற கோயில்பிள்ளை எண்ணிக்கை தப்பி ஒண்ணு கூடுதலா அடிச்சிட்டாரு. வாத்தியாரு சண்டைக்குப் போறாரு.”

“போகட்டும்லே! அடிச்ச மணிய திருப்பியா வாங்குவாரு?” என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

டியூட்டி முடிந்திருந்தது. புத்தகத்தை மூடும் முன் அப்பாவின் ரேகைமேல் தன் கட்டைவிரலை அழுத்தினாள். எடுத்தபோது நுனியில் லேசாகச் சாம்பல் ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவுகிறவள், வாசல் பக்கத்துக் குழாயைத் தாண்டி அப்படியே நடந்தாள்.