அம்பு ஒட்டிய அணுக்கள்

கோமளா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். ஓட்டை, எண்ணெய்க்கறை, கோணல் தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். அம்பு விழுந்த பீஸ் பெட்டிக்குள் போகாது. அவசரத்துக்கு ஆகட்டும் என்று செல்போனின் முதுகிலும் அம்புகளை ஒட்டி வைத்திருப்பாள்.

அவள் வீட்டுக்காரன் முகிலனுக்கு வைரஸ் காய்ச்சல் நுரையீரல்வரை இறங்கிவிட்டது, கண்ணுகளா. ஊத்துக்குளி ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தான். "இன்னைக்கு ரத்தத்துல திருப்பம் தெரியலீன்னா கோயமுத்தூருக்கு அனுப்பிரலாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அத்தனை தூரம் அவன் மூச்சு தாங்குமா என்று நினைத்தபடி அவள் லேபுக்குள் போனாள்.

லேபில் இருந்த அன்புசெல்வி இவள் வீதிப் பெண்தான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பக்கத்துத் திரையில் படம் வந்தது. "இருங்கக்கா, டாக்டரைக் கூப்புட்டுட்டு வந்தர்றேன்" என்று வெளியே போனாள்.

கோமளா திரையைப் பார்த்தாள். சிவப்பு வட்டங்கள் ஒரே அச்சில் அடித்த பட்டன்கள்போல் பரவிக் கிடந்தன. நடுவே ஊதா நிறத்தில் வேறு உருண்டைகள். அவற்றில் பல பெருத்து, ஓரம் நெளிந்து, பக்கத்து வட்டங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. அவள் கை சும்மா இருக்கவில்லை. செல்போனிலிருந்து அம்புகளை உரித்து ஒவ்வொன்றின்மேலும் ஒட்டினாள். அம்புகள் தீர்ந்தன, கோணல் தீரவில்லை.

திரும்பி வந்த அன்புசெல்வி திகைத்து நின்றாள். "ஏனுங்கக்கா, இதையும் செக்கிங் டேபிள் ஆக்கீட்டீங்களா?"

"எத்தனை டேமேஜ் பாரு கண்ணு. ஒண்ணும் அளவுல இல்ல. அவரு பொழைக்க மாட்டாரா?"

"டேமேஜ் இல்லீங்க. நீங்க அம்பு ஒட்டுனதெல்லாம் வைரஸோட சண்டை போடற வெள்ளணுங்க. மொதல்ல எடுத்த ரத்தத்துல இதுகளைத் தேடித்தான் புடிக்க வேண்டியிருந்துச்சு, அத்தனை கொறைச்சல். சண்டைக்கு எறங்கறப்பத்தான் இப்புடிப் பெருசாகும். சின்னதா உருண்டையா இருக்குதுங்களே, அதுக இன்னும் வேலைக்கு வராத ஆளுங்க. ஆனா முடிவு டாக்டருதான் சொல்லோணும்."

"இதுகளை யாரு வரச் சொன்னா?"

"யாருமில்லீங்க. உள்ளுக்குள்ளயே சேதி போயிருது. வந்த வைரஸுக்குப் பொருந்தறதுதான் பெருகி வரும்."

கம்பெனியில் ஒரு ஆர்டர் மாறினால் எத்தனை போன், எத்தனை சத்தம்! இங்கே, கையைத் தூக்க முடியாமல் கிடக்கிற மனுசனுக்குள், அதட்ட ஆளில்லாமல் இத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவளுக்கு மேனி சிலிர்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைமுன் நின்றாள்.

டாக்டர் வந்தார். அம்புகளை உரித்துவிட்டுப் படத்தையும் ரிப்போர்ட்டையும் பார்த்தார். வெள்ளணு எண்ணிக்கை ஏறியிருந்தது, வீக்கத்தைக் காட்டும் சிஆர்பி பாதிக்குமேல் இறங்கியிருந்தது. வார்டுக்குப் போய் முகிலனின் ஆக்சிஜன் அளவையும் பார்த்துவிட்டு, "வண்டியை அனுப்பிருங்க. இங்கயே பாத்துக்கலாம்" என்றார்.

கோமளா கட்டிலருகே போனாள்.

"என்ன புள்ள சொன்னாங்க?" முகிலனின் குரல் பஞ்சாக வந்தது.

"உங்க ரத்தத்துல ஒண்ணும் அளவுல இல்லீங்க மாமா."

"அப்ப ரிஜெக்ட்டா?"

"பாஸுங்க" என்றவள் அவன் நெஞ்சில் உள்ளங்கையை மெதுவாக வைத்தாள். உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது.