பெட்டிப் பிரிவு

அப்பாவின் கோட்டுக்கு இரண்டாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மைன்ராட்டின் செருமல் கேட்டது. அகாதாவின் விரல்கள் நின்றுவிட்டன.

கேட்டுவிட வேண்டும். எப்படிக் கேட்பது?

மத்தியானம் ஆலையின் விற்பனைக் கடையில், புதுப் பயணப்பெட்டிகளின் அடுக்குக்கு முன்னால் விழுந்துதான் அப்பா மெல்கியோர் செத்துப்போனார். நாற்பத்தொரு வருஷம் அதே ஆலையில் மடக்குக்கத்தி பொருத்திய மனுஷர். செப்டம்பரில் அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் சரிந்த பிறகு எந்த விமானத்திலும் கத்தி ஏறக் கூடாது என்றாகி, ஆர்டர்கள் படுத்துவிட்டன. ஆலை கைக்கடிகாரத்துக்கும் பெட்டிக்கும் ஆட்களை மாற்றியது.

"கத்திய விட்டுட்டுப் பெட்டி தூக்கப் போறவங்க யாரும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது!" என்று சாப்பாட்டு மேஜையில் அவர் கத்தியபோது, அகாதா பெட்டிப் பிரிவுக்கு மாறி நாலு நாள் ஆகியிருந்தது. அதற்கப்புறம் மூன்று வாரமாகக் கத்திப் பிரிவின் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டேதான் வீட்டைவிட்டுக் கிளம்பினாள்.

அந்தக் கடைக்கு அப்பா எதற்குப் போனார்? யார் சொன்னது? தெரிந்து, அதிர்ந்துதான் விழுந்தாரா?

கடையைப் பார்த்துக்கொள்பவர் அப்பாவின் பழைய சிநேகிதர் மைன்ராட். கடைசியில் கூட இருந்தது அவர் ஒருவர்தான். உள்ளே வந்தவர் உடலின் மேல் தீர்த்தம் தெளித்துச் சிலுவை போட்டுக்கொண்டார். ஆன்மா போவதற்காகத் திறந்துவைத்த ஜன்னல் வழியாகப் பனிக்காற்று வீசியது.

"என்னடா மெல்கி, முந்திட்டியே. சீட்டாட்டத்துலயும் உனக்கு இதே அவசரம்தான்."

அகாதா காப்பி ஊற்றினாள்.

"மாமா... அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

"நல்லாத் திட்டினான். பெட்டி ஜிப்பைக் காதுகிட்ட வச்சு இழுத்து இழுத்துக் கேக்கறான். 'டக்குனு ஒரு சத்தம் வரல, இதெல்லாம் ஒரு சாமானாடா'ங்கறான். 'யோவ், அது கத்தி இல்லய்யா'ன்னேன்."

கத்தி மூடுகிற சத்தத்தை வைத்தே நல்லது கெட்டது சொல்லிவிடுகிற காது அது.

"அப்புறம்?"

மைன்ராட் கோப்பைக்குள்ளேயே பார்த்தார்.

"'எம் பொண்ணு இதுல எதப் பாக்கறா?'ன்னு கேட்டான்."

அகாதா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'கைப்பிடி. ஆயிரம் தடவ தூக்கி எறக்கிப் பாத்துட்டுத்தான் விடுவா'ன்னேன். அவன் ஒரு பெட்டியக் கையில தூக்கினான்."

"கோவமாவா?"

"மூஞ்சி அந்தப் பக்கம் இருந்துச்சும்மா. கதவு வரைக்கும் நடந்து போயித் திரும்பி வந்தான். கீழ வைடான்னேன். வைக்கல, அதோடவே விழுந்துட்டான். டாக்டர் வந்துதான் விரலப் பிரிச்சாரு."

வெளியே சாவு மணி அடிக்கத் தொடங்கியது. அகாதா அப்பாவின் வலது கையை எடுத்து விளக்குப் பக்கம் திருப்பினாள். உள்ளங்கையில் கைப்பிடியின் தையல், வரிவரியாக, இன்னும் பதிந்திருந்தது.