வெடிக்காத குழிகள்

அன்று மதியம் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் கொர்னேலியஸ் நோட்டில் 'முடிவுரை' என்று எழுதினார்; உடனே அடித்தார்.

"நேத்துதான் ஏழாம் வீட்டுக்குப் புதுசா குடி வந்தாங்க. அதுக்குள்ள முடிவுரையாம்!" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு, சோற்று டப்பாவோடு போனார்.

மாலையில் தங்கச் சுரங்கத்துக்குள் பாறை சரிந்தது. அவர் உயிரோடு மேலே வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள், ஆண்டர்சன்பேட்டை அச்சகத்து ஜெயகரன், கொர்னேலியஸின் மனைவி லூயிசாவைத் தேடி வந்தார். சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைன் மக்களின் வரலாற்றைக் கொர்னேலியஸ் எட்டு வருஷமாக எழுதியிருந்தார். எண்பது பக்கம் அச்சாகிவிட்டது. கடைசி எட்டுப் பக்கத்துக்குக் கோத்த ஈய அச்செழுத்துகள் பாதியில் நின்றன.

"கல்யாணப் பத்திரிகை குவியுதும்மா. இருக்கறதே ரெண்டு பெட்டி எழுத்து. சனிக்கிழமைக்குள்ள முடிவு தரலன்னா கலைச்சுடுவேன். முடிவு இல்லாம அனுப்பினா பைண்டர்கூட பக்கம் விட்டுப்போச்சுன்னு திருப்பிடுவான்."

லூயிசா கணவரின் சாவை எழுதி முடித்தாள். படித்துப் பார்த்தால், லைன் முழுவதையும் அவரோடு சேர்த்துப் புதைத்த மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கோவிந்தன் வந்தான். கொர்னேலியஸ் ஷிஃப்டு முடிந்து மேலே வந்ததும் அதே இடத்துக்கு அடுத்த ஷிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தவன். முடிவு எழுத வரவில்லை என்று லூயிசா அவனிடம் சொன்னாள்.

"இன்னா அண்ணி, இதுக்கா ஒக்காந்து அழுவுறீங்க? ஷிஃப்டு முடிஞ்சு மேல வந்ததும் ரிப்போர்ட்டுல அண்ணன் இன்னா எழுதுவாரு? சுரங்கம் தீந்துபோச்சுன்னா?"

"இல்ல. பாறையில மருந்து வெச்ச குழியில எத்தினி வெடிச்சுது, எத்தினி வெடிக்கலன்னு எழுதுவாரு."

"எழுதிக் கையெழுத்துப் போடணும். அத்தப் பாக்காம நான் கீழ எறங்கற கூண்டுல கால் வைக்கமாட்டேன். மருந்து நிக்கற குழியில போய்த் துளை போட்டா, அடுத்த பூசை எனக்குத்தான்."

லூயிசாவுக்கு ஒரு மாதத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

அன்றே ஷிஃப்டு ரிப்போர்ட் மாதிரி எழுத உட்கார்ந்தாள். '1964 ஜூன் வரை' என்று தலைப்பிட்டாள். நடந்ததை எழுதினாள்: பள்ளிக்கு இரண்டாவது வாத்தியார் வந்தது, கொர்னேலியஸ் இறந்தது. அதற்குக் கீழே வெடிக்காமல் நிற்பவற்றை எழுதினாள்: நெஞ்சுச் சளிக்கு மருத்துவர் இல்லை, பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே குழாய். கையெழுத்துப் போட்டதும் நல்ல பசி எடுத்தது. பானையிலிருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை ஜெயகரன் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்ளோதானாம்மா?"

"இதுவரைக்கும் இவ்ளோதாங்க. மீதிய யாரு வேணா எழுதட்டும்."

புத்தகம் வந்து ஐந்து வருஷமாகிறது. பன்னிரண்டு வீட்டுக்கு இன்னும் ஒரே குழாய்தான்.