எல்லாம் பார்க்கலாம்

என் கணவருக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. அதற்குப் பதில் "பார்க்கலாம்" என்பார். வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா? பார்க்கலாம். தங்கச்சி கூப்பிட்டாளே, போகலாமா? பார்க்கலாம். கல்யாணமான புதிதில் நானும் நம்பிக் காத்திருந்தேன். அது கிணற்றில் போட்ட கல் என்று பிறகுதான் புரிந்தது.

எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அறையில் ஜன்னல் கிடையாது. "மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க" என்று ஊராருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே மூச்சு முட்டும். சாப்பிடும் இடத்தில் யாரோ மாட்டிய காலண்டரில்தான் அப்படியொரு வெளிநாட்டைப் பார்த்தேன். ஒரு மாதம் பனிமலை, அடுத்த மாதம் பாலைவனம், பிறகு எரிமலை, மழைக்காடு, கடல். எல்லாம் ஒரே நாடாம். கடவுள் நன்றாகத்தான் ஓரவஞ்சனை செய்திருக்கிறார். விமானத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டுமாம். அந்தத் தூரமே எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் எங்காவது போனால் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த வருடம் அதிசயமாக நீண்ட விடுப்பு கிடைத்தது. இனி எப்போது கிடைக்குமோ! அந்த நாட்டுக்குப் போக டிராவல்ஸ் பெண்ணிடம் பேசினேன். அங்கே எங்கெல்லாம் போகலாம் என்று சாரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இவர் நம்பரைக் கொடுத்தேன். எனக்குத்தான் பிடி கொடுப்பதில்லை, வெளி ஆளிடமாவது ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டாரா என்ற நப்பாசை.

அவர் சோபாவில் சாய்ந்தபடி போனில் பேசுவது சமையலறை வரை கேட்டது. "பனிமலையா? பார்க்கலாம்... எரிமலையா? ம், பார்க்கலாம்... பாலைவனமா? அதுவும் பார்க்கலாம்மா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் போச்சு என்று அடுப்பை அணைத்தேன்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, சாருக்கு என்னா ஆர்வம்! ஒண்ணு விடாம எல்லாத்தையும் பார்க்கலாம்னுட்டாரு. ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன்!"

நான் சிரித்த சிரிப்பில் அவர் எழுந்தே வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தது.

"ஐயோ, நான் அந்தப் பார்க்கலாம் சொல்லலையே!"

"எந்தப் பார்க்கலாம்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? உங்களோட குடித்தனம் பண்ணவளுக்குல்ல தெரியும்!"

"முதல்ல கேன்சல் பண்ணச் சொல்லு."

"அப்படி என்னதான் பிரச்சினை? இன்னைக்காவது வாயத் திறந்து சொல்லுங்க."

"பயமா இருக்கு" என்றார். "பிளேன்ல ஏற."

இவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள் நின்று வேலை செய்கிற ஆள். அதைச் சொல்லிக் காட்டினேன்.

"அங்க எந்தக் கம்பி எதைத் தாங்குதுன்னு எனக்குத் தெரியும். இது அந்தரத்துலல்ல போகுது?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் விட மனசில்லை. "உங்க டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிக்குங்க. நான் போயிட்டு வரேன். எனக்குப் போகணுங்க. ரொம்ப ஆசையா இருக்கு."

அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"ஏம்மா, கேன்சல் எல்லாம் வேண்டாம். ஒரு சந்தேகம், அதான் கூப்பிட்டேன். பிளேன் மேல ஏறும்போது ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டு, பொண்டாட்டி கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"