மடத்தில் தூங்கியவன்

ஒரே நாளில் மூன்று பௌத்த மடங்கள் என்று நண்பன் ரஞ்சித்குமார் வாட்ஸப்பில் போட்டபோதே நான் மறுத்திருக்க வேண்டும். நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் முடித்த பெருமையை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன். புத்தரையும் அப்படியே முடித்துவிடலாம் என்று நினைத்துவிட்டான். ஆனால் எங்கள் தோழி விஷாகாவுக்காகத்தான் இந்தப் பயணம் என்றதும் எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

விஷாகாவின் அம்மா சாந்தாமணி ஈரோட்டில் நர்ஸாக இருந்தவர். போன வருடம் இதே நாளில் இறந்துபோனார். விசா சிக்கலில் விஷாகாவால் ஊருக்குப் போக முடியவில்லை. இங்கே அமெரிக்காவில், மில்பிடாஸ் அபார்ட்மெண்டில் உட்கார்ந்து லேப்டாப்பில்தான் எல்லாவற்றையும் பார்த்தாள். வருஷ நாளுக்கு லிவர்மோர் கோயிலில் அர்ச்சனை செய்யலாமே என்று கேட்டுப் பார்த்தோம்.

"அர்ச்சனை எல்லாம் வேணாம் சபரி. அம்மா பேர்ல யாருக்காவது சோறு போடணும். அவ்ளோதான்" என்றாள்.

மூன்றாவதாகப் போகவிருந்த மலையுச்சி மடத்துத் துறவிகள், பிறர் கையில் கொடுப்பதை மட்டும்தான் உண்பார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதுவும் ஒரே வேளை, பகல் பதினொரு மணிக்கு. நடுப்பகல் தாண்டினால் ஒரு பருக்கைகூடத் தொடமாட்டார்கள். அதனால் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, அம்மா செய்கிற மாதிரி அரிசிம்பருப்பு சாதம் செய்து, பெரிய ஹாட் பாக்ஸில் கொண்டுவந்தாள். நெய்யும் சின்ன வெங்காயமும் வண்டி முழுக்க மணந்தன. அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் தானும் சாப்பிடுவது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

நான் டிரைவர். அதுவும் ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் விழுந்து விழுந்து மூன்று இரவாகத் தூங்கவிடாத டிரைவர். பிளசன்டனில் ஐந்து மணிக்குக் கிளம்பியதிலிருந்தே கண் எரிந்தது. வேறு யாராவது ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மலைப்பாதை என்றால் ரஞ்சித்துக்கு வாந்தி வரும். விஷாகா ஹாட் பாக்ஸை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

முதல் மடத்தில் இருநூறு படிகளும் ஒரு பெரிய மணியும் இருந்தன. ரஞ்சித் மணியோடு படம் எடுத்துக்கொண்டான். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரைக்கு இரண்டாவது மடம். உள்ளே பேசக்கூடாது என்பதால் வாசலிலேயே ரஞ்சித் கிசுகிசுத்தான்.

"பத்து நிமிஷம் உக்காந்துட்டுக் கெளம்பிடலாம். இங்கேர்ந்து மேல நாப்பது நிமிஷம் டிரைவ்தான். டைம் இருக்கு."

தியான மண்டபத்தில் கறுப்பு மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. நான் ஓர் ஓரமாகச் சம்மணம் போட்டு, சுவரில் முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடினேன்.

திறந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து.

இருவரும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ரஞ்சித் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"எப்படிடா? ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தே. எனக்கு அஞ்சு நிமிஷத்துல முட்டி போச்சு. டைம் ஆகுதுன்னு தவிச்சுட்டேன். விஷாகாதான் இருக்கட்டும்னு கையக் காட்டினாங்க."

"ம்" என்றேன். தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு 'ம்'முக்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

வளைவுக்கு வளைவு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். "மெதுவா போங்க சபரி" என்றாள் விஷாகா. அவள் சொன்னது அவ்வளவுதான். இனிமேல் என்ன அவசரம் என்பதை நானே சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். உண்ட பாத்திரங்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தார்கள். பழுப்பு அங்கி போட்ட ஓர் அமெரிக்கத் துறவி வந்தார், முப்பது வயதிருக்கும். நேரம் தாண்டிவிட்டது, வாங்க முடியாது என்று சொன்னார். எங்களைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தால் மாலைப் பிரார்த்தனையில் சொல்வதாகச் சொன்னார். விஷாகா எழுதிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பழகிக்கொண்டு உள்ளே போனார்.

பைன் மரத்தடியில் ஒரு பெஞ்ச் இருந்தது. மூவரும் அதில் விழுந்தோம். விஷாகா ஹாட் பாக்ஸின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு வருடம் காத்திருந்த காரியம். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"விஷாகா, நான் தியானம் எதுவும் பண்ணல. தூங்கிட்டேன். உங்க நாளையே கெடுத்துட்டேன்."

"தெரியும். கொறட்ட விட்டீங்க."

"அது கொறட்டையா?" என்றான் ரஞ்சித். "நான் ஏதோ மூச்சுப் பயிற்சின்னுல்ல நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் எழுப்பல?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது, அவள்மேல் அல்ல.

"எங்கம்மா நைட் டூட்டி முடிச்சு வந்து பகல்ல தூங்குவாங்க. வீட்ல ஒரு டம்ளர் கீழ விழக்கூடாது. அதே மாதிரி அவங்களும் யாரையும் எழுப்பினதில்லைங்க. சோறு ஆறிப்போனாலும் சரி, எழுப்பாத, எவ்ளோ அலுத்து வந்தாங்களோம்பாங்க." அவள் நிறுத்தினாள். "மணி பத்துக்கு உங்க தோளைத் தொடறதுக்குக் கைய நீட்டினேன் சபரி. என்னால முடியல."

மூடியைத் திறந்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது. பேப்பர் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள், இன்னொன்றும் வைத்தாள். பிறகு எழுந்து வந்து, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. அப்புறம்தான் நான் சாப்பிடணும்."

பசியும் வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் அவள் தனக்குத் தட்டை எடுத்தாள்.