மெரில்டாவின் சிங்களம்

என் மகள் ஆறு வயதிலேயே சிங்களம் பேசுவாள் என்று கொழும்பில் கொட்டாஞ்சேனை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். தண்ணீர்ப் பைப்படியில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் பொறுக்கிய சிங்களம்தான். பாதி சரி, பாதி அவளே செய்துகொண்டது. இருந்தாலும் எனக்குப் பெருமை. மன்னாரிலிருந்து வந்த எனக்கும் என் புருசனுக்கும் அந்தப் பாஷை நாக்கில் ஏறவேயில்லை. மெரில்டாவாவது இந்த ஊரில் பயமில்லாமல் வாய் திறக்கட்டும் என்று நினைத்தேன். நினைப்புக்கு என்ன குறைச்சல்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு நத்தார் அது. எங்கே குண்டு வெடித்தாலும், புலியென்ற சந்தேகத்தில் மன்னார் விலாசம் போட்ட அடையாள அட்டைக்காரனுக்குத்தான் கொழும்பில் கஷ்டம். என் புருசன் றேமண்டின் அட்டையில் மன்னார் என்றுதான் இருந்தது. ஒருகொடவத்தையில் கன்டெய்னர் யார்டொன்றில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த மனிசன், இனிமேல் கேட் பாஸ் இல்லையென்று சொல்லிவிட்டதால் மாதக்கணக்கில் அறைக்குள் குந்தியிருந்தார். நான் தையல்கடைக்கு பிளவுஸ் கொக்கி தைத்துக் கொடுத்து அடுப்பை எரித்தேன். பாலன் பிறக்கிற நாளில் இந்த மனிசன் பிடிபடாமல் வீட்டில் இருக்க வேண்டும். அந்த நத்தாருக்கு நான் கோயிலில் கேட்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்.

சமாளிக்கவும் செய்தேன். விற்காமல் கிடந்த சைப்பிரஸ் கிளையொன்றைச் சந்தைக்காரன் சும்மா தந்தான். மகன் செபஸ்தியன் ரோட்டில் கிடந்த சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளை நீவியெடுத்து நட்சத்திரம் வெட்டினான். சப்பாத்துப் பெட்டி குடிலாயிற்று. தையல்கடை வெட்டுத்துண்டுகளைப் பொருத்தி மெரில்டாவுக்கு ஒரு சட்டை தைத்தேன். முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் வேறு நிறம். அவள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள்.

கேக்குக்குக் கஜு போட வசதியில்லை, வறுத்த கச்சான் கடலையை இடித்துப் போட்டேன். முட்டை போதவில்லை. கீழ்வீட்டு ஜவாஹிறா ராத்தா நாலு முட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்கட பெருநாளைக்கு எங்களுக்கு ஒரு தட்டு அனுப்புங்க புள்ள, கணக்குச் சரி" என்றா. எங்களிடம் போறணை ஏது? எல்லோரையும் போல மாவைத் தட்டில் ஊற்றிப் பேக்கரியில் கொடுத்தேன். பாண் சுட்டு முடிந்த சூட்டில் வைத்து எடுத்துத் தருவார்கள்.

மெரில்டாவுக்கு இதெல்லாம் காணாது. அவளுக்குச் சீனவெடி வேண்டும்.

"அப்பா, மற்றாக்கள் எல்லாரும் நத்தாருக்கு வெடி கொளுத்துகினம். நாங்கள் மட்டும் ஏன் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறம்?"

அந்தக் கேள்வியில் றேமண்ட் விழுந்துவிட்டார். இருபத்துநாலாம் திகதி பின்னேரம் சேட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"நீங்கள் இருங்கோ, நான் வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன்.

"பிள்ளைக்கு ஒரு வெடிப் பெட்டி வாங்கக்கூட நான் வெளியில போகக்கூடாதோ? பக்கத்து ரோட்டுப் பலீல் நானாட கடைக்குத்தானே. பிள்ளையோட போறவனைப் பிடிக்கமாட்டாங்கள்."

பிள்ளையோடு போகிறவனைப் பிடிக்கமாட்டார்கள். நானும் அதை நம்பினேன், மடைச்சி.

அவர்கள் ஒரு பக்கம் போக, நான் கேக் எடுக்கப் பேக்கரிக்குப் போனேன். திரும்பும்போது தூறல் தொடங்கிவிட்டது. பேப்பரால் மூடிய கேக் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் ஒழுங்கை முகப்புக்கு வந்தேன். அங்கேதான் செக்பொயின்ட். மணல்மூட்டைக்குப் பின்னால் இரண்டு ஆமிக்காரர்கள் நின்றார்கள். ஒருவன் வழக்கமான பொடியன். தெத்துப்பல்லன். மெரில்டாவை "நங்கி", தங்கச்சி என்று கூப்பிட்டு டொபி கொடுப்பான். மற்றவன் புதியவன். அந்தப் பக்கத்தால் தகப்பனும் மகளும் வந்துகொண்டிருந்தார்கள். றேமண்டின் கை வெறுமையாக இருந்தது. வயிற்றடியில் சேட்டு புடைத்திருந்தது. வெடி நனைந்தால் பத்தாது என்று பெட்டியைச் சேட்டுக்குள் செருகியிருக்கிறார். அது எனக்கு உடனே விளங்கிற்று. விளங்கவேண்டியவர்களுக்கு விளங்கவில்லை.

தெத்துப்பல்லன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். "நங்கி, மொனவாத கெனாவே?" என்ன கொண்டுவந்தாய் என்று.

சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா. 'தியெனவா' என்றால் இருக்கிறது. அப்பாவிடம் வெடி இருக்கிறது என்று சொல்லப் பார்த்தாள் என் கெட்டிக்காரி. வெடிக்கு அவளுக்குச் சிங்களம் தெரியாது, தமிழையே போட்டாள். மற்றச் சொல்லையும் அவசரத்தில் கொஞ்சம் கடித்துவிட்டாள்.

"தாத்தா வெடி தியனவா."

சத்தமாக, வடிவாக, ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

சிங்களத்தில் வெடி என்றால் சூடு. துவக்குச் சூடு. வெடி தியனவா என்றால் சுடுவது. அப்பா சுடுவார் என்று சொல்லிவிட்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அப்பாவின் வயிறு புடைத்துக்கொண்டு நிற்கிறது.

"அத் உஸ்சன்ன!"

புதியவன் துவக்கை நீட்டிவிட்டான். றேமண்ட் கையை உயர்த்தினார். உயர்த்தச் சேட்டும் மேலே போயிற்று. தெத்துப்பல்லன் தூர நின்றபடியே துவக்கு முனையால் சேட்டை நீக்கினான். உள்ளே சிவப்புத்தாள் வெடிப் பெட்டி. அதைச் சுற்றி மெரில்டாவின் மஞ்சள் றிபன். தமையனுக்குப் பரிசு என்று தன் தலையில் இருந்ததை அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள்.

"ரதிஞ்ஞா! ரதிஞ்ஞானே!" என்று தெத்துப்பல்லன் விழுந்து விழுந்து சிரித்தான். சீனவெடிக்குச் சிங்களம் அது. புதியவனும் சிரித்தான். றேமண்டும் கையை இறக்காமலே சிரித்தார். ஆண்டவரே, நானும் கேக் தட்டோடு நின்று சிரித்தேன்.

சிரித்து முடிந்ததும் புதியவன், வந்தது வந்தாய், அடையாள அட்டையையும் காட்டு என்று கையை நீட்டினான்.

மன்னார் என்றதும் அவன் முகம் மாறிற்று. உள்ளேயிருந்து பெரியவன் ஒருவன் வந்தான். வெடிப் பெட்டியைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டான். புதியவன் சொன்னான். தெத்துப்பல்லன் ஏதோ எடுத்துச் சொல்லப் பார்த்தான். பெரியவன் அவனைக் கையால் அடக்கிவிட்டு மெரில்டாவின் தலையைத் தடவினான்.

"ளமயி பொரு கியன்னே நே" என்றான்.

பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள்.

ஜீப்பில் ஏற்றும்போது றேமண்ட் என்னைப் பார்த்து, "கேக்கை நனையவிடாதை" என்றார். அதைச் சொல்லத்தான் அந்த மனிசனுக்கு நேரம் கிடைத்தது. ஜவாஹிறா ராத்தா ஓடிவந்து தட்டை என் கையிலிருந்து பிடுங்கியபோதுதான் விரல் வெந்திருந்தது தெரிந்தது.

நத்தார் காலையில் ராத்தா என்னோடு பொலிசுக்கு வந்தா. "நீங்க வாயத் தொறக்க வாணாம் புள்ள, நான் செல்றன்" என்றா. கேக்கையும் கொண்டுபோனோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அதுவும் ராத்தா சொன்னதுதான். ராத்தா தமிழுக்கும் சிங்களத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் கெஞ்ச, மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் கேக்கை வெட்டினார்கள். கதையைக் கேட்டு அவர்களும் சிரித்தார்கள். கச்சானா போட்டது, நன்றாயிருக்கிறது என்றார் ஒருவர். ஆளை ராத்திரியே தெற்கே காலிப் பக்கத்து முகாமொன்றுக்கு அனுப்பியாயிற்று, விசாரணை முடிந்தால் விடுவார்கள் என்றார் இன்னொருவர். முதலே சொல்லியிருக்கலாம். கேக் முடிந்தபிறகு சொன்னார்கள்.

என் பிள்ளைகள் அந்தக் கேக்கில் ஒரு துண்டு தின்னவில்லை. ராத்தாவுக்கும் தட்டுப் போகவில்லை. வெறும் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மெரில்டா கதவடியில் நின்றாள். "அம்மா, நான் பிழையாச் சொன்னனானே?"

அவளைப் பிடித்து முன்னால் இருத்தினேன். "இனி அந்தச் சொல்லு இந்த வீட்டில வேண்டாம். ரதிஞ்ஞா. சொல்லு."

"ரதிஞ்ஞா."

"இன்னொருக்கா."

சாப்பிடும்போது, முகம் கழுவும்போது, படுக்கும்போது சொல்ல வைத்தேன். செபஸ்தியன் காதைப் பொத்திக்கொண்டான். பயம் எனக்கு. மிச்சமிருந்ததையும் ஒரு சொல் கொண்டுபோய்விடும் என்ற பயம்.

றேமண்ட் வரவில்லை. வருடப்பிறப்புப் பூசைக்குக் கோயிலுக்குப் போக அந்தச் செக்பொயின்டைத் தாண்டித்தான் போகவேண்டும். போனோம். மெரில்டா அந்த இரண்டு நிறச் சட்டையைப் போட்டிருந்தாள், தலையில் றிபன் இல்லை. ஆமிக்காரர்கள் ரோட்டோரத்தில் வெடிச்சரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மணல்மூட்டைக்கு மேலே சிவப்புத்தாள் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் மஞ்சள் றிபன்.

மெரில்டா நின்றாள். வாயைப் பொத்துவோம் என்று நான் குனிவதற்குள் சொல்லிவிட்டாள், தெத்துப்பல்லனைப் பார்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல்:

"அபே ரதிஞ்ஞா."

எங்களுடைய வெடி என்று.

தெத்துப்பல்லனின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் றிபனைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். விசயம் தெரியாத இன்னொருவன்தான் அவள் கன்னத்தைத் தட்டி, "போம ஹொந்தட்ட சிங்கள கதாகரனவா" என்றான்.

நல்லாய்ச் சிங்களம் பேசுகிறாளாம்.